கர்ப்பமாக இருக்கும்போது வீட்டில் பூனை இருக்கலாமா? கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள்

வேப்பமரநிழல் (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது பத்தாவது வாரம், முதல் குழந்தை. வீட்டில் இரண்டு பூனைகள். பெரியவள் கறுப்பிக்கு ஐந்து வயது, வீட்டை விட்டு இறங்கவே மாட்டாள். சின்னவன் போன மழைக்காலத்தில் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டவன். மொட்டைமாடி, பக்கத்து வீட்டு ஓடு, எதிரே வீடு கட்டக் கொட்டிய மணல் என்று சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவான்.

குழந்தை என்று உறுதியானதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் அத்தை. காட்டப் போன இடத்தில் டாக்டரும், "பூனையா? யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளியே கூட்டம், மேலே கேட்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சாக்கில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் கொழுந்தனார். என் வீட்டுக்காரர் என் பக்கம்தான். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது.

எது உண்மையில் ஆபத்து, எது வெறும் பேச்சு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் பேசியாக வேண்டும்.

பூனைக்கூடம் (சென்னை)

தயவுசெய்து சாக்கு வேண்டாம். வீட்டிலேயே வளர்ந்த ஐந்து வயதுப் பூனைக்கு மார்க்கெட்டில் பிழைக்கத் தெரியாது. நாய்களிடம் மாட்டும், இல்லையென்றால் வண்டியில் அடிபடும். மருத்துவ விவரங்களை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதுவரை கொழுந்தனாரைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

பிரசவவார்டு (திருநெல்வேலி)

மகப்பேறு வார்டில் நர்ஸாக ரொம்ப வருடம் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற பெண்கள் நிறைய. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டாக்டர் பயந்தது டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணியை நினைத்து. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். சாதாரண ஆளுக்கு இது வந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டும், போய்விடும். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக வந்தால், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகலாம். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு குறைவு, பத்தில் ஒன்று போல. போனால் பாதிப்பு கடுமை: மூளை, கண், சில சமயம் கருச்சிதைவு. கடைசி மூன்று மாதத்தில் போகிற வாய்ப்பு பாதிக்கு மேல், பாதிப்பு பெரும்பாலும் லேசாக இருக்கும்; ஆனாலும் வருடங்கள் கழித்துக் கண்ணில் தெரியவரலாம். அதனால் பயத்தில் அர்த்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பயத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் விஷயம். இந்தக் கிருமி பூனை முடியில் உட்கார்ந்திருப்பதில்லை. தடவுவதாலோ, மடியில் படுப்பதாலோ, மூச்சாலோ வராது. மூன்று வழிகள்தான் முக்கியம். சரியாக வேகாத இறைச்சி, பூனை மலம் கலந்த மண், அந்த மண் ஒட்டிய காய் கீரையும் தண்ணீரும். ஐரோப்பாவில் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தாலும், தொற்றில் 30 முதல் 63 சதவீதம் வேகாத, அரைவேக்காட்டு இறைச்சியால் என்று கணக்கிட்டார்கள். மண்ணால் 6 முதல் 17 சதவீதம். வீட்டில் பூனை இருப்பது தனியே ஒரு காரணமாக வரவில்லை.

அடுத்த முறை காட்டப் போகும்போது டாக்ஸோ ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். இந்தக் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்புப் பொருள்கள் இவை; ஐஜிஎம் முதலில் வரும், ஐஜிஜி பின்னால் வந்து நிலைத்துவிடும். நம் ஊரில் வழக்கமாக எடுக்கிற பரிசோதனைகளில் இது வராது, கேட்டால்தான் எழுதுவார்கள். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போய்விட்டது, இந்தக் கர்ப்பத்துக்குக் கவலை அநேகமாக இல்லை. இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை வரவே இல்லை. கவனமாக இருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

தெற்குவாசல்

சிஸ்டர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். என் அக்காவுக்கு அடுத்தடுத்துக் கரு தங்கவில்லை. டார்ச் டெஸ்ட் (கருவைப் பாதிக்கிற சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள், டாக்ஸோ பாசிட்டிவ். பூனைதான் காரணம் என்றார்கள். அக்கா சின்ன வயதிலிருந்து வளர்த்த பூனையை அன்றைக்கே அப்பா கொண்டுபோய் விட்டார். எதற்கு ரிஸ்க்? பத்து மாதம் யார் வீட்டிலாவது விட்டுவைத்தால் என்ன?

பிரசவவார்டு

தம்பி, அக்காவின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருந்தது ஐஜிஜியா, ஐஜிஎம்மா?

தெற்குவாசல்

இப்போதுதான் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் நெகட்டிவ்.

பிரசவவார்டு

அப்படியானால் அக்காவுக்கு அந்தத் தொற்று பழையது. பழைய தொற்று, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற பெண்ணுக்கு, ஒவ்வொரு கர்ப்பமாக வந்து கலைப்பதில்லை. ஒரு தடவை வந்தால் உடம்பு எதிர்ப்பு சக்தியை வைத்துக்கொள்ளும். அதனால்தான் அடிக்கடி கரு கலைகிறவர்களுக்கு டார்ச் பரிசோதனையால் பயன் இல்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரியே சொல்லிவிட்டது. இங்கே இன்னும் பழக்கத்தில் எழுதுகிறார்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைகிற கோளாறு, கர்ப்பப்பையின் அமைப்பு, இருவரின் குரோமோசோம் என்று பார்க்க வேண்டியவை வேறு. அவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். சிலருக்கு ஐஜிஎம் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். அப்போது அவிடிட்டி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் எடுத்து அவிடிட்டி அதிகம் என்று வந்தால், தொற்று குறைந்தது மூன்று நான்கு மாதம் முந்தையது, அதாவது கரு உருவாவதற்கு முன்னால் வந்தது. புதிய தொற்று என்றே உறுதியானாலும் வழி இருக்கிறது. ஸ்பைராமைசின் மாத்திரை கொடுப்பார்கள், 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குழந்தைக்குப் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெறும் ஐஜிஎம் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கருவைக் கலைக்க முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது நடக்கவே கூடாது.

தெற்குவாசல்

அக்காவிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பூனையை மடியில் வைத்துத் தூங்கினதால்தான் பிள்ளை போனது என்று இத்தனை வருடமும் தன்னையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நன்றி சிஸ்டர்.

கால்நடைமருந்தகம் (நாமக்கல்)

கால்நடை மருத்துவராக என் பங்குக்கு, பூனையின் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பூனை தொற்றுள்ள எலியையோ, குருவியையோ, பச்சை இறைச்சியையோ தின்றால் கிருமி அதன் குடலில் பெருகுகிறது. சில நாள் கழித்து மலத்தில் முட்டை போன்ற ஊசிஸ்ட் வெளியே வரும். எண்ணிக்கை லட்சங்களில், கோடிகளில் இருக்கும். ஆனால் இது ஒன்றிலிருந்து மூன்று வாரம்தான். அப்புறம் நின்றுவிடும், பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாளில் ஒரே தடவை. எந்த ஒரு நாளில் பார்த்தாலும் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கிற பூனை நூற்றில் ஒன்று அளவுதான். அதிலும் குட்டிகளும், புதிதாக வேட்டை பழகுகிறவையும்தான் அதிகம்.

மிக முக்கியமானது இது: வெளியே வந்த உடனே அந்த முட்டையால் யாருக்கும் தொற்றாது. காற்றும் ஈரமும் பட்டு, முதிர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே லிட்டர் ட்ரேயை (பூனை மலம் கழிக்க வைக்கிற மணல் தட்டை) ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்தால் பாதி ஆபத்து அங்கேயே ஒழிந்தது. மண்ணில் முதிர்ந்துவிட்டாலோ ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும்.

உங்கள் கறுப்பி வெளியே போகாதவள். பச்சை இறைச்சியும் எலியும் தின்னவில்லை என்றால் அவளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சின்னவன்தான் வேட்டைக்காரன். அவனைப் பிரசவம் வரைக்குமாவது வீட்டுக்குள் நிறுத்தப் பாருங்கள். கருத்தடை செய்துவிட்டால் சுற்றுவது தானாகக் குறையும். இரண்டுக்கும் வேகவைத்த மீன், கோழி, இல்லையென்றால் கடைத் தீனி மட்டும் கொடுங்கள். கறிக்கடையில் வாங்கிய பச்சைக் குடல், ஈரல் வேண்டாம்.

பூனைக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்பார்கள். அதனால் உங்களுக்குப் பயன் இல்லை, பரிசோதனை செய்ய வேண்டியது உங்களுக்குத்தான். குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று, இனி கவலை இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. அந்த மருந்து புழுவைக் கொல்லும், டாக்ஸோவை ஒன்றும் செய்யாது.

அப்பாவாகப்போகிறவன்

வணக்கம், வேப்பமரநிழலின் கணவன். இன்றிலிருந்து லிட்டர் ட்ரே என் பொறுப்பு. இதுவரை ஆற்று மணல் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் போதுமா டாக்டர்?

கால்நடைமருந்தகம்

பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், டெட்டால் எதற்கும் அந்த முட்டை அசையாது. வெந்நீருக்குத்தான் சாகும். நன்றாகக் கொதிக்கும் நீரை ட்ரே நிறைய ஊற்றி ஐந்து பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மலத்தைத் தினமும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செடித் தொட்டியிலோ உரக்குழியிலோ போட வேண்டாம். ட்ரே சமையலறையிலும் சாப்பிடுகிற இடத்திலும் இருக்கக் கூடாது. மணலைத் தூசி பறக்கக் கொட்டாமல் மெதுவாகக் கொட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர்தான் செய்ய வேண்டும் என்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கையுறையைக் கழற்றிய பிறகும் கழுவ வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

மாடித்தோட்டம் (திருச்சி)

மண் பற்றி நானும் சொல்கிறேன். வீட்டில் பூனையே இல்லாதவர்களுக்கும் இது உண்டு. தெருப்பூனைகளுக்கு நம் தொட்டிச் செடியும், கட்டிட மணலும், கோலம் போட வைத்திருக்கிற ஆற்று மணலும்தான் கழிப்பிடம். நான் கர்ப்பமாக இருந்தபோது தோட்ட வேலையை விடவில்லை, ஆனால் வெறுங்கையோடு மண்ணைத் தொடவே மாட்டேன். தொட்டி மேல் கம்பி வலையோ, முள்ளுக் குச்சியோ பரப்பிவிட்டால் பூனை தோண்டாது. அரைக்கீரை, கொத்தமல்லி, புதினாவை வேரை வெட்டிவிட்டு, மண் போகிற வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பச்சையாகச் சாப்பிடுகிற வெள்ளரி, கேரட்டைத் தோல் சீவிவிடுவது நல்லது.

குளிர்காற்று (கோயம்புத்தூர்)

தண்ணீர் என்று சிஸ்டர் ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அதைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். 2004 வாக்கில் எங்கள் ஊரில் நிறையப் பேருக்குத் திடீரென்று கண்ணில் டாக்ஸோ வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 248 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குழாயில் வந்த குடிநீரைத்தான் சந்தேகித்தார்கள். அத்தனை பேரும் பூனை வளர்த்தவர்களா என்ன? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர்தான். குளோரினுக்கு இந்தக் கிருமி அடங்காது.

வேப்பமரநிழல்

எல்லாவற்றையும் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். முடி விஷயத்தை இன்னும் நம்பவில்லை, ஆனால் சாக்குப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது எனக்கு வேறு சந்தேகம். சிஸ்டர் இறைச்சி என்றதும் திக்கென்றது. ரத்தம் ஊறட்டும் என்று அத்தை வாரம் ஒருமுறை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிவந்து தணலில் வாட்டித் தருகிறார். உள்ளே சிவப்பாக இருந்தால்தான் சத்து என்பார். ஆட்டு ஈரலும் அப்படித்தான், லேசாக வதக்கி. அன்பாகத் தருகிறார், எப்படிச் சொல்வது?

பிரசவவார்டு

அம்மா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பூனையை விரட்டிவிட்டுச் சிவப்பாக வாட்டிய சுவரொட்டியைத் தருகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டு உடம்பில் இந்தக் கிருமி கட்டியாக ஒளிந்திருக்கும். மேலே கருகி உள்ளே சிவப்பாக இருந்தால் உள்ளே சூடு போகவில்லை என்று அர்த்தம். 67 டிகிரிக்கு மேல் சூடு எல்லாப் பக்கமும் ஏறினால் கிருமி சாகும். குக்கரில் வேகவைத்தால் அதற்கும் மேலேயே ஏறிவிடும். சுவரொட்டியைக் குக்கரில் வேகவைத்து அப்புறம் மிளகு சேர்த்து வறுத்துத் தரச் சொல்லுங்கள். வேகவைத்தால் இரும்புச்சத்து எங்கேயும் ஓடிவிடாது. அத்தையின் அன்புக்கும் குறை வராது.

ஈரலை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நன்றாக வெந்தாலும் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், முதல் மூன்று மாதத்தில் வாராவாரம் வேண்டாம். சந்தேகத்துக்கு உங்கள் டாக்டரையும் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள்.

கறி நறுக்கிய அரிவாள்மனையிலேயே வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள். குழம்புக்கு உப்புப் பார்க்கிறேன் என்று பாதி வெந்த கறியை வாயில் போடுவதையும் விடுங்கள். காய்ச்சாத ஆட்டுப்பால் கூடாது.

லாசப்பல் (பாரிஸ்)

யாழ்ப்பாணத்தவள், இங்கே பிள்ளை பெற்றவள். பிரான்ஸில் இந்தக் கிருமிக்கு எதிர்ப்பு சக்தி இல்லாத கர்ப்பிணிகளுக்கு 1992 முதல் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். எனக்கும் நெகட்டிவ் என்று வந்தது, மாதாமாதம் போய்க் குத்திக்கொண்டு வந்தேன். பூனையை விடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. மருத்துவிச்சி தந்த தாளில் முதல் வரியே இறைச்சியை நன்றாக வேகவையுங்கள் என்பதுதான். தங்கச்சி, பயப்பட வேண்டாம், ஆனால் கட்டாயம் ரத்தம் சோதியுங்கள்.

பூனைக்கூடம்

யாரும் கேட்காத ஒன்று: கீறல், கடி. நம் ஊரில் டாக்ஸோவை விட நான் பயப்படுவது ரேபிஸுக்கு. சின்னவன் வெளியே சண்டை போட்டுவிட்டு வருகிறவன். தடுப்பூசி போட்டாயிற்றா?

வேப்பமரநிழல்

கறுப்பிக்கு வருடாவருடம் போடுகிறோம். சின்னவனுக்கு இன்னும் இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது என்னைக் கீறினால் எனக்கு ஊசி போடலாமா? போடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள்.

பிரசவவார்டு

போடலாம், போட்டே ஆக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிக்குக் கர்ப்பம் எந்தத் தடையும் இல்லை, பால் கொடுப்பதும் தடை இல்லை. ரத்தம் வரும்படி காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடலாம். கீறின உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். பூனையைப் பத்து நாள் கவனிப்பது இதற்குப் பதிலாக ஆகாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும்.

கால்நடைமருந்தகம்

சின்னவனை இந்த வாரமே கூட்டிப்போய் ரேபிஸ் ஊசி போட்டுவிடுங்கள். நகத்தின் நுனியை வெட்டிவிடச் சொல்லுங்கள். தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பூனைக்குப் பூனை கீறல் காய்ச்சலின் கிருமியைப் பரப்புவது அதுதான். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. முடி கொட்டி வட்டமாகத் தேமல் போல இருந்தால் படர்தாமரையாக இருக்கும், உங்களுக்கும் தொற்றும். அப்போது மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கக் கூடாது. கிரிசியோஃபுல்வின் கர்ப்பத்தில் ஆகாது.

மூன்றுபிள்ளைத்தாய் (விழுப்புரம்)

குழந்தை வந்த பிறகு பற்றி ஒரு வார்த்தை. பூனைக்குத் தூளி என்றால் உயிர். சேலையில் கட்டியதும் முதலில் ஏறிப் படுப்பது அதுதான். வளைகாப்பு முடிந்த கையோடு தூளியைக் கட்டிவைத்து, பூனை ஏறினால் இறக்கிவிட்டுப் பழக்குங்கள். குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துங்கள். பூனை வேண்டுமென்று எதுவும் செய்யாது, சூட்டுக்கு மூஞ்சியின் பக்கத்தில் போய்ப் படுக்கும், அதுதான் பயம். பச்சைக் குழந்தையையும் பூனையையும் ஓர் அறையில் தனியாக விடவே கூடாது.

வேப்பமரநிழல்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் நெகட்டிவ். இந்த முறை வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் உட்காரவைத்துப் பேசினார். சில மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம், சாப்பாட்டில் கவனம், ட்ரே கணவர் பொறுப்பு, பூனைகள் இருக்கட்டும் என்றார். சின்னவனுக்கு ஊசி போட்டாயிற்று, மாடிக்கதவைச் சாத்தியதிலிருந்து ராத்திரியெல்லாம் கத்துகிறான். அத்தை சுவரொட்டியைக் குக்கரில் போட ஒப்புக்கொண்டார், விசிலை மட்டும் அவரே எண்ணுகிறார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குச் சிவகங்கைப் பக்கம் போகிறேன். அங்கே பூனை கிடையாது, ஆடுகள் உண்டு. அங்கே போனால் நிம்மதிதானே?

பிரசவவார்டு

ஆடு இருக்கட்டும், ஆனால் குட்டி போடுகிற ஆட்டுப் பக்கம் நீங்கள் போகக் கூடாது. நஞ்சுக்கொடியிலும், குட்டி நனைந்து வருகிற நீரிலும் டாக்ஸோவும், கருவைக் கலைக்கிற வேறு கிருமிகளும் இருக்கலாம். குட்டியைத் துடைப்பது, நஞ்சை எடுத்துப் புதைப்பது, சீம்பால் பீய்ச்சுவது எல்லாம் வீட்டில் மற்றவர்கள் செய்யட்டும். ஆட்டுக்கு உதவியவர் உடுத்திய துணியையும் நீங்கள் துவைக்க வேண்டாம். அங்கே சமையல் கிணற்றுத் தண்ணீரா, குழாயா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். எதுவானாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தரச் சொல்லுங்கள்.

வேப்பமரநிழல்

கிணறுதான் சிஸ்டர். போன வருடம் சித்திரையில் நான்தான் குட்டியைத் துடைத்தேன். இந்த வருடம் தம்பியைச் செய்யச் சொல்லி இப்போதே ஃபோன் போடுகிறேன்.